கிரந்தி என்று நான் சொன்னது

2023 பெப்ரவரி 3, வெள்ளிக்கிழமை, மாலை 6 மணி 50 நிமிடம். வெளியே மைனஸ் இருபத்தெட்டு. காற்றையும் சேர்த்தால் மைனஸ் நாற்பது என்று வானொலி சொன்னது. மொன்றியலின் வில்லரேயில் நாங்கள் இருந்த இரண்டு தட்டு வீட்டின் கீழ்த்தட்டில் நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். மேல்தட்டில் மகளும் மருமகனும், நவம்பரில் மதுரையிலிருந்து வந்திருந்த மருமகனின் தாயும். முதல் சத்தம் என் தலைக்கு நேர் மேலே விழுந்தது. அலுமாரி சரிந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவது சத்தத்தோடு மகளின் குரல் வந்தது. மூன்றாவதற்குக் குரல் வரவில்லை.

நான் எதையும் எண்ணுகிறவன். யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்துவிட்டு, மொன்றியல் துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம் கொன்டெய்னர் எண்ணிச் சம்பளம் எடுத்தேன். அந்தப் பழக்கம் எழுபத்துமூன்று வயதில் போகாது. மேலே போகும் வெளிப்படி இரும்பு. பதினேழு படி. வீட்டுக்காரன் பனி உருக உப்புப் போடமாட்டான், நான்தான் போடுவேன், அன்றைக்கு மூட்டையில் உப்பு முடிந்துவிட்டது. சாரத்தோடும் சுவெட்டரோடும் ஏறினேன். கைப்பிடிக் கம்பியில் உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது தோல் கொஞ்சம் அங்கேயே நின்றுவிட்டது.

ஆறாம் படியில் நிற்கும்போது மேற்கதவு திறந்தது. மருமகன் மகளின் தலைமயிரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தான். அவள் வெறுங்கால். வாயிலிருந்து ரத்தம் நாடியால் வழிந்தது.

"போய் ரத்தத்தைச் சோதிச்சிட்டு வாடி. அப்புறம் இந்த வாசல்ல கால வை" என்றான்.

தள்ளினான். பதினொரு படி வந்தாள். அவளின் இடது கை கம்பிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் கீழே வந்தது. குளிரில் சத்தம் தெளிவாகக் கேட்கும். மணிக்கட்டு முறிந்த சத்தத்தை நான் கேட்டேன். பிறகு என் நெஞ்சில் வந்து மோதினாள், ஒரு பல் உடைந்திருந்தது.

மேலே வாசலில் சம்பந்தி அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "கிரந்தி புடிச்சவளை என் புள்ளை தலையில கட்டிட்டீங்களே சம்பந்தி. மத்தியானம் உங்க வாயாலதானே சொன்னீங்க."

மகளைக் கீழே கொண்டுபோய்ச் சூடாக்கிக்குப் பக்கத்தில் இருத்தினேன். கதவோரம் ஸ்னோ அள்ளும் சவள் சாத்திவைத்திருந்தது. அலுமினிய விளிம்பு. அதை எடுத்துக்கொண்டு பதினேழு படியும் ஏறினேன். மருமகன் குசினி வாசலில் முதுகைக் காட்டி நின்றான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே முதல் அடி. காறை எலும்பு போனது அதில்தான். திரும்பினான், முகத்தில் ஒன்று. மூக்கிலிருந்து வந்த ரத்தம் குளிர்சாதனப் பெட்டியில் தெறித்தது. விழுந்தபிறகு இடுப்பில் இரண்டு. பொலிஸ்காரர் தங்கள் அறிக்கையில் மூன்று அடி என்று எழுதியிருந்தார்கள். நாலு.

மத்தியானம் நடந்ததைச் சொல்லவேண்டும். பன்னிரண்டரைக்கு நான் பாண் கொண்டு மேலே போனேன். வெள்ளிக்கிழமை மரக்கறிச் சமையல். சம்பந்தி அம்மா கத்தரிக்காய்க் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தார். மகளும் மருமகனும் டவுன்டவுனில் வேலையில். இருவரும் ஒரே அலுவலகத்தில் சந்தித்துக் காதலித்துக் கட்டியவர்கள், நாலு வருடம்.

"கத்தரிக்காயோ சம்பந்தி அம்மா? பிள்ளைக்கு அது கூடாதே. கிரந்தி" என்றேன்.

அவர் கரண்டியை நிறுத்தினார். "என்ன சொன்னீங்க?"

"கிரந்தி. சின்னனிலை இருந்தே இருக்கு. நண்டு, இறால், கத்தரிக்காய் ஒண்டும் கூடாது. உடனை கிளம்பியிடும்."

"கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சா?"

"ஓம், முன்னமே. என்ர மனுசிக்கும் இருந்தது. அவவின்ர தாய்க்கும் இருந்ததாம். பரம்பரை."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"இதிலை சொல்ல என்ன கிடக்கு? எங்கட பக்கம் அரைவாசிப் பேருக்கு இருக்கு."

அவர் அடுப்பை அணைத்தார். குழம்பு வேகாமல் கிடந்தது. எனக்கு எதுவும் விளங்கவில்லை. பாணை மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன்.

யாழ்ப்பாணத்தில் தோலில் எழும்புகிற எதுவும் கிரந்தி. அதை எழுப்புகிற சாப்பாடும் கிரந்தி. குழந்தைக்குச் சொறி வந்தாலும் கிழவனுக்குப் புண் ஆறாவிட்டாலும் அந்தச் சொல்தான். அன்று பொலிஸ்காரர் வருவதற்கு முன்னால், மருமகன் நிலத்தில் கிடந்து முனகிக்கொண்டிருக்க, சம்பந்தி அம்மா எனக்கு அவருடைய ஊர் அர்த்தத்தைச் சொன்னார். "எங்க ஊர்ல கிரந்தின்னா மேகநோய். கண்டவன்கிட்டப் போனா வர்றது. நீங்க என்னடான்னா பரம்பரைங்கிறீங்க, வெக்கமே இல்லாம."

ஆறு மணிக்கு மகன் வேலையால் வந்ததும் அவர் அதைச் சொல்லியிருக்கிறார். மருமகனுக்கு அந்தச் சொல் புதிது, ஆனால் தாய் விளங்கப்படுத்தியதும் அவன் உடனே நம்பினான். அதுதான் என்னைப் பிறகும் அரித்தது. நாலு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவன், ஒரு மணித்தியாலத்துக்குள் எப்படி நம்பினான்? அவனிடம் ஒரு கேள்வி முதலே இருந்திருக்கவேண்டும். அந்தச் சொல் அதற்குப் பதிலாகப் போய் விழுந்திருக்கவேண்டும்.

பொலிஸ்காரர் என்னையும் மருமகனையும் கொண்டுபோனார்கள். என்னை இரண்டரை மணித்தியாலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். ஆயுதத்தால் தாக்கிய குற்றம். சவளை ஒரு நீளப் பையில் போட்டு எடுத்துப் போனார்கள். மருமகன் மகளோடு எந்தத் தொடர்பும் வைக்கக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. அவன் லசாலில் ஒரு அறை எடுத்தான். தாய் மார்ச்சில் ஊருக்குப் போனார். மேல்தட்டை விட்டோம். மகள் என்னோடு கீழே.

மகளுக்கு இருப்பது சோரியாசிஸ். பதின்மூன்று வயதில் முழங்கையில் தொடங்கியது. பிறகு முழங்கால், தலை, முதுகு. ஜூலை வெயிலிலும் நீளக்கை போடுவாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரு தகப்பனுக்கு அதற்கு மேல் தெரிந்திருக்கத் தேவையில்லை என்று இருந்தேன்.

அந்த வாரங்களில் அது வெறிபிடித்ததுபோல் கிளம்பியது. அவள் ஹோலில் சோபாவில் படுத்தாள், நான் அறைக்குள். சுவருக்கு அந்தப் பக்கம் நகம் தோலில் போகும் சத்தம் கேட்கும், தேங்காய்ச் சிரட்டையைக் கத்தியால் வழிப்பதுபோல. காலையில் விரிப்பில் ரத்தப் பொட்டும் வெள்ளைச் செதிலும் இருக்கும். மணிக்கட்டில் மாவுக்கட்டு. கட்டுக்குள்ளும் சொறிவதற்குப் பின்னல் ஊசியை விட்டு, உள்ளே கீறிப் புண்ணாக்கினாள். ஊசியைப் பறித்து ஒளித்தேன். அடுத்த நாள் கரண்டிக் காம்பை விட்டாள்.

"கையை எடு பிள்ளை."

"விடுங்கோ அப்பா. ரத்தம் வந்தால்தான் அடங்கும்."

ரத்தம் சோதித்தாள். மேகநோய் இல்லை. சம்பந்தி அம்மா ஊரிலிருந்து அழைப்பு எடுத்தபோது அதைச் சொன்னாள். தொலைபேசி மேசையில் சத்தமாகப் போட்டுக் கிடந்தது, நானும் கேட்டேன்.

"கனடாவுல எந்தப் பேப்பர் வேணும்னாலும் வாங்கலாம்னு அவன் சொல்றான். நீ மூணு ஊசி போட்டுக்கிட்டு வந்துடும்மா. நான் பேசி வைக்கிறேன். ஆம்பளைன்னா கோவம் வரத்தான் செய்யும்."

நான் தொலைபேசியை எடுக்கப் போனேன். மகள் என் கையைத் தட்டினாள். பிறகு சொன்னாள்: "அவர் பாவம் அப்பா. நாலு வருசமா ஒரு மனுசனை நான் எட்டத்திலை வைச்சிருந்தனான். யாரெண்டாலும் அடிப்பான்."

ஏன் எட்டத்தில் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேரிடமும் அதற்குத் தமிழ் இல்லை. ஆனால் இரண்டு தரம் அவள் பையில் உடுப்பு அடுக்கியதைக் கண்டேன். நீதிமன்றத்துக்குச் சொல்லாமல் லசாலுக்குப் போவதற்கு. இரண்டு தரமும் மடித்ததைத் திரும்ப எடுத்து வைத்தாள். மூன்றாம் தரம் எடுத்து வைக்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. போனால் அடுத்த முறை நடுவில் மறிக்க நான் நிற்கமாட்டேன். பதினேழு படியும் விழுவாள். என் கவலை முழுதும் அது ஒன்றுதான்: அவள் திரும்பிப் போவாளா இல்லையா.

தோல் டொக்டரிடம் நாள் கிடைத்தது ஏப்ரலில். கையில் இன்னும் கட்டு இருந்ததால் கோட்டையும் சப்பாத்தையும் கழற்ற நான் கூடப் போனேன். டொக்டர் முப்பது வயது மதிக்கத்தக்க கியூபெக் பெண். மகள் ஒன்பது வயதில் இங்கே வந்தவள், பள்ளிக்கூடமெல்லாம் பிரெஞ்சு. டொக்டர் என்னைப் பார்த்து, தகப்பன் வெளியே இருக்கவேண்டுமா என்று கேட்டார்.

மகள் பிரெஞ்சில் சொன்னாள்: "பரவாயில்லை. அப்பாவுக்கு போன்ஜூர், மெர்சி மட்டும்தான் தெரியும்."

எனக்கு அதற்கு மேல் தெரியும். துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம் என்னைத் திட்டியவர்கள் பிரெஞ்சில்தான் திட்டினார்கள். வாயைத் திறந்தால் உச்சரிப்புக்குச் சிரிப்பார்கள் என்று திறப்பதில்லை. அன்றும் திறக்கவில்லை. எழுந்து வெளியே போயிருக்கலாம். கோட்டை மடியில் வைத்துக்கொண்டு கூரைப் பலகைகளை எண்ணத் தொடங்கினேன்.

டொக்டர் முழங்கை பார்த்தார், தலை பார்த்தார், திரைக்கு அந்தப்பக்கம் முதுகு பார்த்தார். பிறகு, மணி கேட்பதுபோல் சாதாரணமாக, "அந்தரங்க இடத்திலும் இருக்கிறதா? உறவின்போது வலிக்கிறதா?" என்று கேட்டார்.

இருபத்துமூன்று வருடத்தில் எந்த டொக்டரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. மகள் மூச்சு விடாமல் சொன்னாள். தமிழில் ஒரு சொல்லும் இல்லாதவள் பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு வருடமாக அங்கே இருக்கிறது. தோல் சிவந்து, பளபளத்து, கடதாசிபோல் வெடிக்கும். சிறுநீர் போனால் எரியும். உறவுக்குப் பிறகு இரண்டு நாள் நடக்க முடியாது, உள்ளாடையில் ரத்தம் இருக்கும். மாதவிடாய் இன்னும் முடியவில்லை என்று ஐந்து நாளைப் பன்னிரண்டாக்குவாள். விளக்கை அணைக்கச் சொல்லுவாள். அவன் பார்த்தால் அருவருப்பான் என்று பயம், பார்க்காவிட்டால் வலி விளங்காது என்று பயம்.

"ஆசை இருந்ததா?"

"முதல் வருடம் இருந்தது. பிறகு அவர் அறைக் கதவைச் சாத்துகிற சத்தத்துக்கே உடம்பு இறுகிவிடும். எனக்கு முன்னமே அதற்குப் பயம் வந்துவிடும்."

"வேண்டாம் என்று சொன்னால் அவர் நிறுத்துவாரா?"

"இல்லை."

டொக்டரின் பேனை மேசையில் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. நான் நாற்பத்தொன்றிலோ நாற்பத்திரண்டிலோ நின்றேன். திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கவேண்டி வந்தது.

டொக்டர் அவசரப்படாமல் சொன்னார். இந்த நோய் உள்ள பெண்கள் பலருக்கு அந்த இடத்திலும் வரும். கேட்காதபடியால் சொல்வதில்லை. இது யாரிடமிருந்தும் வந்தது இல்லை, யாருக்கும் தொற்றாது, ஊத்தையாலும் வருவதில்லை. முழங்கைக்குக் கொடுத்த கடும் களிம்பை அவள் அங்கேயும் பூசி வந்திருக்கிறாள். அது அந்தத் தோலை இன்னும் மெல்லிசாக்கிக் கிழித்திருக்கிறது. அங்கே வேறு, மெல்லிய களிம்பு, ஒரு நாளைக்கு ஒரு நேரம் மட்டும். இறுகிப்போன தசைகளுக்குப் பயிற்சி சொல்லித்தரும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆசை மெதுவாகத் திரும்பும், அவசரமில்லை. திரும்பாவிட்டாலும் அது குற்றம் இல்லை.

காலமான என் மனைவிக்கும் முழங்கையில் இருந்தது. முப்பத்தொரு வருடம் கலியாணம் செய்திருந்தோம், கடைசிப் பத்தும் வேறு வேறு கட்டில். அவருக்கும் அங்கே இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள்: "அலுப்படிச்சுதோ அப்பா?"

"எழுபத்தெட்டுப் பலகை" என்றேன்.

மருந்துக்கடைப் பெண் இரண்டு குழாயையும் வைத்து, காலையும் மாலையும் பூசச் சொன்னாள், பிரெஞ்சில். மகள் தலையாட்டினாள். எனக்குப் பிழை பொறுக்காது. கொன்டெய்னர் ஒன்று குறைந்தாலே நித்திரை வராது.

"இல்லை மதாம்" என்றேன், நானும் பிரெஞ்சில். "இரண்டு நேரம் முழங்கைக்கு. மெல்லியது ஒரு நேரம் மட்டும்தான். டொக்டர் அப்படித்தான் சொன்னவர்."

பெண் கணினியைப் பார்த்து, நான் சொன்னது சரி என்றாள். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கழுத்து முதலில் சிவந்தது, பிறகு காது.

"உங்களுக்குப் பிரெஞ்சு விளங்குமோ?"

"கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"கிட்டத்தட்ட எல்லாம்."

அடிப்பாள் என்று நினைத்தேன். நல்ல கையை உயர்த்தினாள்தான். பிறகு அதால் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். மெட்ரோவில் என்னைவிட்டு மூன்று இருக்கை தள்ளி இருந்தாள். ஜரி நிலையத்தில் இறங்கிப் படியேறி வெளியே வந்தபோது நின்று சொன்னாள்: "அப்ப, இனி உங்களுக்குத் திருப்பிச் சொல்லத் தேவையில்லை."

"இல்லை."

"அவர் நிப்பாட்டமாட்டார் எண்டதும் கேட்டதோ?"

"கேட்டது."

"அப்ப சரி."

அன்று வீட்டுக்கு வந்து பையில் கிடந்த உடுப்புகளை எடுத்து அலுமாரியில் அடுக்கினாள். இந்த முறை பையையும் மடித்தாள்.

மே மாதம் இரண்டாம் ஞாயிறு அவன் வந்தான். பின்னேரம் நாலரை. ஸ்னோ போய்விட்டது, தெரு முழுக்கப் பல்கனியில் ஆட்கள். முதல் உதை கதவின் கீழ்ப் பலகையில். இரண்டாவது உதையில் கண்ணாடி உடைந்து என் சப்பாத்துகளுக்குள் விழுந்தது.

"கிரந்தி புடிச்சவளே, வெளிய வாடி."

புதுச் சவள் வாங்கி வைத்திருந்தேன், பருவம் முடிந்த மலிவு விலையில். எடுத்தேன். மகள் குசினியிலிருந்து வந்தாள். அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

"அதை வையுங்கோ அப்பா. ஒண்டைப் பொலிஸ் கொண்டுபோனது காணும்."

கதவை அவள் திறக்கவில்லை. உடைந்த கண்ணாடிக்கு இந்தப்பக்கம் வந்து நின்றாள். அவன் அந்த ஓட்டைக்குள்ளால் கையை விட்டு அவள் முழங்கையைப் பிடித்தான். கண்ணாடி அவன் கையைக் கிழித்தது, அவன் நகம் அவள் தோலைக் கிழித்தது. யாருடைய ரத்தம் எது என்று தெரியாமல் கதவில் வழிந்தது. அவள் கையை இழுக்கவில்லை.

"நல்லாப் பிடிச்சுப் பார். இது சோரியாசிஸ். இதுதான் அங்கையும் இருக்கு. வெடிச்சு ரத்தம் வரும். நோகுது எண்டு சொன்னனான். எத்தனை தரம் சொன்னனான் எண்டு உனக்குத் தெரியும். நீ நிப்பாட்டேல்லை. அதுதான் நடந்தது. வேறை ஒண்டும் நடக்கேல்லை."

அவனை அவள் 'நீ' என்று சொல்லி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அவள் அதைத் தமிழில் சொன்னதையும் அன்றைக்குத்தான் கேட்டேன். தெரு கேட்கச் சொன்னாள். எதிர்வீட்டுத் திருகோணமலைக் குடும்பம் பல்கனியில் தேத்தண்ணியோடு நின்றது.

"டாக்டர்கிட்ட வசனம் எழுதி வாங்கிட்டு வந்தியா?" என்றான் அவன்.

"ஓம். கேட்டாச்சுத்தானே, போ."

அவன் மற்றக் கையால் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவளின் நெற்றி கதவுச் சட்டத்தில் மோதியது. நான் சவளின் காம்பால் அவன் விரல்களில் ஒரு அடி அடித்தேன், கையை விட்டான். ஒன்றுதான். இதை எண்ணுவது சுலபம். மேல்தட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் பொலிஸைக் கூப்பிட்டிருந்தார்கள். அவனைப் படிக்கட்டின் கீழே குப்புறப் படுக்கவைத்து விலங்கு போட்டார்கள். பொலிஸ் பெண் என் சவளைப் பார்த்தாள், என் வயதைப் பார்த்தாள், அதைச் சுவரோரம் வைக்கச் சொன்னாள்.

அவன் இரண்டு வழக்கிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டான். என் வழக்கு இலையுதிர்காலத்தில் முடிந்தது. ஒரு வருடம் அமைதியாக இருப்பேன் என்று கையெழுத்து வைத்தேன், இருந்தேன். விவாகரத்துக்கு மகளே மனுப் போட்டாள்.

களிம்பு வேலை செய்ய எட்டுக் கிழமை எடுத்தது. ஜூனில் ஒரு நாள் காலையில் சோபா விரிப்பை உதறியபோது ஒன்றும் விழவில்லை. அதைப்பற்றிக் கேட்டேன், பிரெஞ்சில். அங்கேயும் சுகம், எரிவு இல்லை என்றாள், பிரெஞ்சில். இந்த விடயம் எல்லாம் நாங்கள் அந்தப் பாஷையில்தான் கதைக்கிறோம். என் உச்சரிப்புக்கு அவள் சிரிக்கிறாள். கத்தரிக்காயும் சமைக்கிறாள். டொக்டரிடம் கேட்டாளாம், கத்தரிக்காய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லையாம். நான் இன்னும் நம்பவில்லை, ஓரமாக எடுத்து வைக்கிறேன்.

என் வழக்கறிஞருக்கு 4,600 டொலர், அவளுடையவருக்கு 3,200, படியில் உடைந்த பல்லுக்கு 1,240, கதவுக் கண்ணாடிக்கு 685, டக்சிகளுக்கு 58, பொலிஸ் திருப்பித் தராத சவளுக்கு 34 டொலர் 49 சதம், களிம்புக் குழாய் இரண்டுக்கும் 41 டொலர் 20 சதம். அந்த ஒரு சொல்லுக்கு மொத்தம் 9,858 டொலர் 69 சதம்.